இரண்டு இறுவட்டுகளில் ‘ரொமி’

வைகாசிப் பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் தந்துவிட்டுப் போன இரண்டு இறுவட்டுகளை, முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து மூன்று இரவுகள் கேட்டேன். ‘த ஹூ’ என்ற ஆங்கில றொக் குழு 1969இல் வெளியிட்ட ‘ரொமி’ என்னும் இரட்டை இசைத்தட்டை, அதன் பெரும்பகுதியை எழுதிய பீற் ரவுண்சென்டும் நெறியாளர் டெஸ் மக்அனஃபும் இசைநாடகமாக்கினார்கள். 1992இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் மேடையேறி, அடுத்த ஆண்டு நியூயோர்க்கின் நாடக வீதியான புறோட்வேக்குப் போய், ஐந்து டோனி நாடக விருதுகளைப் பெற்ற அந்த நாடகத்தின் நடிகர்களே பாடிய ஒலிப்பதிவு இது. பீற்றில்ஸ் குழுவின் பாடல்களைத் தயாரித்த ஜோர்ஜ் மார்ட்டின் இதனையும் தயாரித்திருக்கிறார். கூட்டுப்பாடலிலும் ஒவ்வொரு குரலும் தனியே காதில் விழுகிறது.

பழைய இசைத்தட்டில் கதையைப் பிடிப்பது கடினம். குழுவினரே எல்லாப் பாத்திரங்களுக்கும் பாடுவதால், தாய் பாடுகிறாளா, மகன் பாடுகிறானா என்று சில இடங்களில் தடுமாற வேண்டியிருக்கிறது. எங்கள் கோவலன் கூத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கதை முன்பே தெரிந்த சனத்துக்கு முன்னால், வரவுப் பாட்டால் ஆளைக் காட்டிவிட்டு, மிச்சத்தைக் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மெட்டிடம் விட்டுவிடலாம். ரொமியின் கதையை அப்படி யாரும் அறிந்து வருவதில்லை. ஆகவே மேடையில் ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் கொடுத்து, ரொமியை நாலு வயது, பத்து வயது, வளர்ந்தவன் என்று மூன்று நடிகர்களுக்குப் பிரித்து, கண்ணாடியில் தெரியும் பெரியவனே சின்னவனின் கதையைச் சொல்லும்படி அமைத்திருக்கிறார்கள்.

நான் மிகவும் இரசித்த கைவேலை ஒன்றுண்டு. பழைய தட்டில் முதலாம் உலகப் போரில் காணாமல் போன தகப்பன் 1921இல் திரும்பி வருகிறான். பாட்டின் பெயரே அந்த ஆண்டுதான். மேடையில் கதை இரண்டாம் உலகப் போருக்கு மாறி, அவன் 1945இல் வருகிறான். மெட்டையும் ‘இருபத்தொன்று’ என்ற சொல்லையும் கைவிட மனமில்லாமல், அதைத் தாயின் இருபத்தொராவது பிறந்தநாளாக மாற்றிவிட்டார்கள்! அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில்தான் தகப்பன் கதவைத் திறக்கிறான், அவளுடைய புதுக் காதலனைக் கொல்கிறான். கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பிள்ளையிடம், நீ எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டாய் என்று பெற்றோர் இருவரும் திரும்பத் திரும்பப் பாட, பிள்ளை பார்வையும் செவியும் பேச்சும் அடங்கிப் போகிறான்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தில் பல நாட்கள் இருந்த என் அக்காவும் அன்று விறாந்தையில் இருந்தார். நான் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டவர், “உண்மையா ஆள் திரும்பி வந்திட்டாரே?” என்று மட்டும் கேட்டு, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.

குறைகளும் உண்டு. பெற்றோரின் காதலையும் போரையும் மேடையில் பேச்சின்றி நடித்துக் காட்டும் தொடக்கம், வட்டில் பெரும்பாலும் வெறும் வாத்திய இசையாகவே கேட்கிறது. த ஹூவின் மேளகாரர் கீத் மூனின் அடங்காத மேளத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வாத்தியக்குழு சற்று ஒழுங்காகத்தான் தோன்றும். பெற்றோருக்காகப் புதிதாக எழுதிய பாட்டு இனிமையானது. ஆனால் கதை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

முடிவுதான் எனக்கு ஒத்துவரவில்லை. குணமாகி, அடியார்கள் சூழும் குருவாகிவிட்ட ரொமியை இசைத்தட்டில் அந்த அடியார்களே உதறிவிட, அவன் தனித்து நின்று பாடுகிறான். மேடையிலோ, தன்னைக் கெடுத்த மாமனையும் வதைத்த மைத்துனனையும் உட்பட எல்லோரையும் ஏற்றுக்கொண்டு குடும்பத்தோடு சேர்ந்துவிடுகிறான். மதுரையை எரித்த கண்ணகிக்குக்கூட ஆறியமரப் பத்தாவது இடமாக எங்கள் பக்கத்து வற்றாப்பளை வேண்டியிருந்தது என்று கதை சொல்லும் ஊரில் இருந்துகொண்டு, இத்தனை கொடுமையும் ஒரு பாட்டுக்குள் ஆறிவிட்டது என்றால் எப்படி நம்புவது?

வாங்க நினைப்பவர்கள் 1969ஆம் ஆண்டுத் தட்டை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வருவது நல்லது. என்ன மாறியது என்பது அப்போதுதான் விளங்கும். எங்கள் வீட்டு முதலாம் வட்டு இப்போது அக்காவிடம் இருக்கிறது. இரண்டாவதை அவர் இன்னும் கேட்கவில்லை.