வீட்டில் எஞ்சின் ஏற்றி 14 மாதம்: அந்தப் பின்பக்க போல்ட்

சேலம் கன்னங்குறிச்சி நண்பன் போன வாரம் கேட்டான்: "ஏன் மாப்ள, நீயே எஞ்சின எறக்கி ஏத்துனியாமே? என் வண்டியும் பொகையுது, நானும் பண்ணிப் பாக்கட்டுமா?" அவனுக்காகத்தான் இது.

என்னுடையது பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் பைக். வெள்ளைப் புகை, கியர் ஆயில் வேறு குறைந்துகொண்டே இருந்தது. கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போனால் எஞ்சின் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும். பேரிங்கும் சேர்ந்து போயிருந்ததால் முழுதாக இறக்கிப் பிளந்தாக வேண்டும். இறக்க ஒரு மணி நேரம். உள்வேலை தெரிந்த பட்டறையில். திரும்ப ஏற்றியது நான், இரண்டு ஞாயிறு.

அப்பா ஒரு பக்கம் பிடிக்க, எஞ்சினை ஃப்ரேமுக்குள் நுழைத்தோம். முன்பக்க போல்ட்டுகள் சுலபமாகப் போயின. சந்தோஷத்தில் அப்போதே இறுக்கிவிட்டேன். பின்பக்க ஓட்டையில் கண்ணை வைத்தால் பிறை மாதிரி ஒரு கீற்று வெளிச்சம்தான்; ஃப்ரேம் ஓட்டையும் எஞ்சின் ஓட்டையும் நேராக நிற்கவில்லை. முன்னதைத் தளர்த்தி, அடியில் ஜாக்கி கொடுத்து ஒரு நூல் தூக்கியிருந்தால் போல்ட் விரலாலேயே போயிருக்கும். எல்லாவற்றையும் சும்மா நுழைத்துவிட்டு, கடைசியில்தான் இறுக்கணும் என்பது பட்டறைப் பையனுக்கும் தெரியும். நான் சுத்தியலை எடுத்தேன். "மெதுவாடா" என்றார் அப்பா. போல்ட் போய்விட்டது; ஃப்ரேம் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது.

சரி, நல்லதையும் சொல்லணும். ஆயில் பம்பில் காற்று எடுத்து, முதல் டேங்க் பெட்ரோலில் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்து உதைத்தேன். பிடித்துக்கொண்டது. அந்தப் புகை அதோடு சரி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் முனகாமல் ஏறுகிறது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியே வைக்காமல் அவ்வப்போது ஒரு முறுக்கு கொடுப்பேன், டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரைத் திறந்தால்தானே உள்ளே போதுமான ஆயில் போகும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் மலைக்குப் போவதுண்டு.

ஆனால் ஒவ்வொரு முறையும், மலையிறங்கி கோரிமேடு வருவதற்குள் ஃபுட்ரெஸ்டில் உள்ளங்கால் கூச ஆரம்பித்துவிடும். போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். புது போல்ட், ஸ்பிரிங் வாஷர், நைலாக் நட் (நைலான் வளையம் வைத்த, எளிதில் தளராத நட்டு) எல்லாம் போட்டாயிற்று. ஓட்டையே கோணல், நட்டு என்ன செய்யும்? அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் சாப்பிட நிறுத்தி, ஸ்பேனரோடு குனிவேன். கடைக்காரர் இப்போதெல்லாம் என்ன ஆச்சு என்றுகூடக் கேட்பதில்லை.

ஆகவே மாப்ள, வேண்டாம். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடு. நான் மிச்சம் பிடித்த கூலி போல்ட்டுக்கும் வாஷருக்குமே போய்விட்டது. இனி அந்த ஓட்டையில் புஷ் (இரும்பு வளையம்) வைத்து வெல்டு அடிக்க எஞ்சினை மறுபடி இறக்கணும். அதை மட்டும் வேறு ஆளிடம் விட மனசு வரவில்லை. வருகிற ஞாயிறு காலையில் வந்துவிடு. அப்பாவுக்கு முதுகு வலி, ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும்.