.308, .30-06: அழுத்தம் ஒன்றில், வேகம் மற்றொன்றில்

துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் அறைக்குள் வாயு உண்டாக்கும் அழுத்தம் கூடக்கூடக் குண்டின் வேகமும் அதே அளவில் கூடும் என்று கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் துப்பாக்கி சுடுதல் பயில்வோரில் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். அதைச் சோதிக்க .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய இரு தோட்டாக்களே போதும், இரண்டும் 7.82 மி.மீ. விட்டமுள்ள ஒரே வகைக் குண்டைத்தான் செலுத்துகின்றன.

1906-இல் வந்த .30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 60,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு); 1952-இல் வந்த .308 தோட்டாவுக்கு 62,000. ஆனால் 150 கிரெய்ன் (ஏறத்தாழ 9.7 கிராம்) எடையுள்ள குண்டுக்கு ஆலைகள் வழக்கமாகக் குறிக்கும் வேகம் .308-இல் நொடிக்கு 2,820 அடி, .30-06-இல் 2,910 அடி. அழுத்தம் குறைந்தது முந்துகிறது!

உச்ச அழுத்தம் என்பது ஒரு கணத்தின் அளவு மட்டுமே. வேகமோ, குண்டு குழலின் வாயை அடையும்வரை அதன் பின்புறத்தில் வாயு செய்த வேலை முழுவதையும் பொறுத்தது. .30-06-இன் பித்தளைக் கூடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரியது என்பதால், மெதுவாக எரியும் வெடிமருந்தைக் கூடுதலாகக் கொள்கிறது. உச்சத்துக்குப் பிறகும் அழுத்தம் சட்டென்று விழாமல் குண்டைத் தள்ளிக்கொண்டே வருகிறது. தேவனாம்பட்டினத்தில் படகைக் கடலில் இறக்குபவர்கள் ஒரே இடியில் அதை நகர்த்துவதில்லை, அலை தொடும்வரை தோள்கொடுத்துத் தள்ளுகிறார்கள். குழலுக்குள் நடப்பதும் அதுதான்.

ஒரே கூட்டில் மருந்தை மட்டும் ஏற்றி வேகம் தேடும் வழியை நான் ஏற்கமாட்டேன். வேகம் 10 விழுக்காடு கூட வேண்டுமானால் குண்டின் ஆற்றல் 21 விழுக்காடு கூட வேண்டும். வரம்பை நெருங்கும்போது அழுத்தம் வேகத்தைவிடச் செங்குத்தாக ஏறுவதால், கடைசி ஐம்பது அடி வேகத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாவது, போல்ட் (அறையை அடைக்கும் தாழ்) கனத்துத் திறப்பது, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் விழுவது ஆகியவை எச்சரிக்கைகளே என்றாலும், பல நேரங்களில் வரம்பைத் தாண்டிய பிறகே தெரிகின்றன. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி, தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ளதைவிட அதிக வேகம் காட்டினால் அதை நல்ல குழலின் பரிசாகக் கொள்ளாமல், அழுத்தம் கூடியதன் அறிகுறியாகவே முதலில் ஐயுற வேண்டும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், நம் ஊரில் இந்தக் கணக்கு ஆலைத் தோட்டாவைத் தேர்வதற்கும் பேணுவதற்குமே உதவும். பல மருந்துகள் சூடேறினால் வேகமாக எரிந்து அழுத்தத்தை உயர்த்துகின்றன. ஆகவே கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவைக்கக் கூடாது.