பூட்டிய டேட்டாபேஸுக்கு டாக்குமெண்ட்: எந்த வழி தோது?

ஆர்டர்ஸ் டேபிளில் ஸ்டேட்டஸ் என்று ஒரு ஃபீல்டு. உள்ளே 0, 1, 2, கூடவே ஒரு 9. முதல் மூன்றுக்கும் கோடில் பெயர் இருந்தது. 9-ஐச் சேர்த்தவர் வேலையை விட்டே இரண்டு வருஷம். போன் போட்டதும், "அது பணத் தகராறு கேஸ், தொட்டுடாதீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் டாக்குமெண்ட் பக்கம் திரும்பினோம். எங்கள் டேட்டாபேஸோ வெளி நெட்வொர்க்கிலிருந்து தொடவே முடியாதது.

விக்கியில் கையால் எழுதலாம். அடுத்த மைக்ரேஷன், அதாவது டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட், ஓடும் வரைக்கும் சரியாக இருக்கும்.

டேபிள் விவரங்களை இணையத்தில் பட்டியலிட்டுக் காட்டும் கிளவுட் கேட்டலாக் பார்க்க அழகு. ஆனால் பலவற்றுக்கு ஃபயர்வாலில் வழி விட வேண்டும், இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் டனல் (பாதுகாப்பான தனிப் பாதை) போட வேண்டும். டிபிடாக்ஸ் மாதிரியானவற்றில் ஸ்கீமாவை (டேபிள், ஃபீல்டுகளின் அமைப்பை) நம் மெஷினிலேயே எடுத்து அதை மட்டும் மேலே அனுப்பலாம், டேட்டா போகாது. ஆனால் டேபிள் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுமே! செக்யூரிட்டி டீம் தலையாட்டவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மிச்சம், உள்ளேயே ஓடும் இரண்டு கருவிகள்.

ஸ்கீமாஸ்பைக்கு ஜாவாவும், டேட்டாபேஸோடு பேச ஜேடிபிசி டிரைவரும் வேண்டும். படங்களோடு ஹெச்டிஎம்எல் பக்கங்களைக் கொட்டும். கோடு தெரியாதவரும் க்ளிக் செய்து பார்க்கலாம். பெரிய டேபிளில் வரிசைகளை எண்ணிக்கொண்டு நிற்கும். அதை அணைக்க ஆப்ஷன் உண்டு. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கிட்டில் (கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பார்ப்பதுதான் பெரும்பாடு.

டிபிஎல்எஸ் (tbls) கோ மொழியில் எழுதிய ஒற்றை பைனரி. மார்க்டவுனாக, அதாவது எளிய டெக்ஸ்டாக, தருவதால் கோடு ரிவ்யூவிலேயே மாற்றம் கண்ணில் படும். டாக்குமெண்டும் ஸ்கீமாவும் ஒத்துப்போகாவிட்டால் அதன் டிஃப் கட்டளை சிஐ-யை (கோடு மாறும்போது தானாக ஓடும் சோதனையை) நிறுத்திவிடும். கமென்ட் இல்லாத ஃபீல்டைப் பிடிக்க லின்ட்டும் இருக்கிறது. ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்டே வேண்டாம்: சிஐ-யில் காலி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒன்றைக் கிளப்பி, மைக்ரேஷன்களை ஓட்டி, அதைப் படிக்கச் சொன்னால் போதும். ப்ரொடக்‌ஷனில் யாராவது கையால் ஆல்டர் கட்டளை அடித்து டேபிளை மாற்றியிருந்தால் மட்டும் அது இங்கே தெரியாது.

நான் டிபிஎல்எஸ் பக்கம். ஆனால் எந்தக் கருவியானாலும் 9-க்கு என்ன அர்த்தம் என்று அதுவாகச் சொல்லாது. டேட்டாபேஸில் கமென்டாக எழுதி வைத்தால்தான் எடுத்துக் காட்டும். போஸ்ட்கிரெஸில் அது ஒரு வரி வேலை, பிஜி டம்ப் என்ற பேக்கப் எடுத்தாலும் கூடவே வரும். மைஎஸ்கியூஎல்லில் அப்படியில்லை. கமென்டை மட்டும் மாற்ற நினைத்தாலும் மாடிஃபை காலம் (MODIFY COLUMN) போட்டு ஃபீல்டின் முழு வரையறையையும் திருப்பி எழுத வேண்டும். நாட் நல் (ஃபீல்டைக் காலியாக விடக் கூடாது) என்பதை எழுத மறந்தால், கமென்ட் ஏறும், நாட் நல் கழன்றுவிடும். எங்களுக்கு ஒரு தடவை கழன்றது.