எதைக் கேட்டாலும் "ஆகிவிடும்" என்று சொல்லும் வழிகாட்டியிடம் ஜாக்கிரதை

பழக்கமில்லாத காட்டுப் பகுதிக்குக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளூர்க்காரர் என்று சொல்லி ஒருவர் எங்களிடம் பணம் வாங்கி ஏமாற்றினார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், எங்கள் உயிரோடு விளையாடியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வரைபட வேலையை நாங்கள் ஒழுங்காகவே செய்திருந்தோம். சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்த செங்குத்துச் சரிவுகளைக் குறித்துக்கொண்டோம். 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று, 1892-இலிருந்து மலையேறுபவர்கள் பின்பற்றும் நெய்ஸ்மித் கணக்குப்படி நேரமும் போட்டாயிற்று. ஆனால் எந்த ஓடையில் இப்போது தண்ணீர் இருக்கும், எந்தத் தடத்தைப் புதர் மூடியிருக்கும் என்பதெல்லாம் அங்கே தினம் நடமாடுகிறவருக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் இவரை அமர்த்தினோம்.

வனத்துறை அனுமதி? "நம்ம ஆள் இருக்கார், ஆகிவிடும்." மழை பிடித்துக்கொண்டால்? "ஒன்றும் ஆகாது." முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார்.

உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவரும் நடக்கிறார் என்று தெரிந்துவிட்டது. ஒரு ஓடைக்கு வந்தோம். எங்கள் தலைக்கு மேல் வெயில், தூரத்து மலையில் இடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியுமாக வர ஆரம்பித்தது. மேலே பெய்த மழை இறங்கி வருவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். அவரோ "சீக்கிரம் கடங்க" என்று அவசரப்படுத்தினார். மறுத்தோம். கோபித்துக்கொண்டு எங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

முன்பே இறக்கி வைத்திருந்த வரைபடம் காப்பாற்றியது. சிக்னல் இல்லாவிட்டாலும் கைப்பேசியில் ஜிபிஎஸ் வேலை செய்யும். வந்த தடத்திலேயே திரும்பினோம். வழியில் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்தோம். "அப்படி ஒருத்தர் எங்க ஊர்லயே இல்லீங்களே" என்றார். மழைக்காலத்தில் ஊர்க்காரர்கள் யாரும் அந்த ஓடையைக் கடப்பதில்லையாம். அதற்கு அப்பால் எப்படி என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதுங்க, மூலிகை பறிக்கப் போறவங்களைக் கேளுங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவரைத்தான் நான் உள்ளூர் வழிகாட்டி என்பேன். இப்படிப்பட்டவர்களின் பெயரைச் சொல்லித்தான் வெளியாள் சம்பாதிக்கிறார்.

வனத்துறை அலுவலகத்தில் விசாரித்தால், எங்கள் பெயரில் அனுமதியே வாங்கப்படவில்லை. வழியில் பிடித்திருந்தால் வழக்கு எங்கள் மேல்தான் பாய்ந்திருக்கும்.

அனுமதியை நீங்களே நேரில் போய் வாங்குங்கள். ஆளை அவருடைய ஊரிலேயே போய்ப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தண்ணீர் எங்கே, வெள்ளம் வந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று கேளுங்கள். பாதிப் பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. அவருடைய விளம்பரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.