பிக்கப் மாற்றித் தருகிறோம் என்றால், முன்னால் நின்று திறக்கச் சொல்லுங்கள்

என் எலெக்ட்ரிக் கிற்றாரின் முன்பக்கத்து வெள்ளைத் தட்டில் பதினொரு ஸ்குரூ இருக்கிறது. அந்தப் பதினொன்றையும் கழற்றிப் பார்க்க எனக்கு நாலு மாதம் எடுத்தது. அதற்குள் பிக்கப் மாற்றுகிற வேலைக்கென்று 34,500 ரூபாய் கடைக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் மலிவாக ஒரு கிற்றார் வாங்கி, பிறகு ஒவ்வொரு சாமானாக மாற்றித் திறமாக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. என் கையில் பில் இல்லை, அதுதான் காரணம்.

குருநகரில் கோயில் பாடகர் குழுவோடு பல வருடம் சாதாரண மரக் கிற்றார் வாசித்தவள் நான். முப்பத்து நாலு வயதில் எலெக்ட்ரிக் ஆசை வந்தது. தை மாதம் நகரத்தில் ஒரு கடையில் 46,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். ஃபெண்டர் 1954 இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உருவத்தில் செய்த, பெயர் தெரியாத நகல். கம்பிக்குக் கீழே இருந்து ஒலியைப் பிடிக்கிற பிக்கப் மூன்று, ஐந்து நிலைச் சுவிச், கம்பிகளின் அடிமுனை அமருகிற பாலத்தில் ஆட்டுகிற கைபிடி. நகல் என்று தெரிந்துதான் வாங்கினேன், அந்த விஷயத்தில் எனக்குக் குறையில்லை. பில் கேட்டதற்கு, "தங்கச்சி, நாங்கள் எங்க ஓடப்போறம்? ஏதும் எண்டால் கொண்டு வாங்கோ" என்றார் கடைக்காரர். நானும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சுருதி நிற்கவில்லை. வெறும் கம்பிகளைச் சரியாக வைத்தால் முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த முதல் உலோகக் கோட்டில், எஃப் கோர்ட் பிடிக்கும்போது ஏறி நிற்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இன்னொரு கதை. கைபிடியை ஒரு தரம் ஆட்டினால் எல்லாமே குலையும். கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் அரை நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, "உது பிக்கப்பின்ர குறை. செராமிக். அல்னிக்கோ போட்டால் சாமான் பேசும்" என்றார். இரண்டும் பிக்கப்பில் போடுகிற காந்த வகைகள். மூன்று பிக்கப்புக்கு 24,000, கம்பியை முறுக்குகிற டியூனிங் கீ ஆறுக்கு 6,500, கூலி 4,000.

விலை கூடவோ குறையவோ என்று எனக்குப் பிடிபடவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 வரை போன பிறகு, எந்தச் சாமானின் நியாய விலையும் தலையில் நிற்பதில்லை. "டொலர், தங்கச்சி" என்றால் வாயை மூடிவிடுகிறோம்.

ஒன்றை மட்டும் அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டும். பிக்கப் என்பது கம்பியின் அசைவை மின்சாரமாக்கி, சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் பெட்டிக்கு அனுப்புகிற சாமான். சுருதி அதன் கையில் இல்லை. சுருதி நிற்கவில்லை என்று போனவளுக்கு ஒலியை மாற்றுகிற பொருளை விற்றார்கள், நானும் தலையாட்டினேன். சளிக்குப் போனவளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தது போல.

மூன்று கிழமை வைத்திருந்தார்கள். மார்ச்சில் எடுக்கப் போனபோது பிக்கப்புகளின் வெள்ளை மூடி வெண்ணெய் நிறத்தில் மாறியிருந்தது. பார்க்க வடிவுதான். கடைக்காரர் மல்டிமீற்றரைப் பிடித்து, "பாருங்கோ, ஆறு கிலோ ஓம். ஒரிஜினல் அல்னிக்கோ" என்று காட்டினார். பழைய பிக்கப் எங்கே என்று கேட்டேன். "அந்தக் குப்பை என்னத்துக்கு? எறிஞ்சாச்சு." இந்த முறையும் பில் இல்லை. ஒரு மட்டையின் பின்பக்கத்தில் "கிற்றார் வேலை, பெய்ட்" என்று எழுதித் தந்தார். கடையின் முத்திரையும் இல்லை, திகதியும் இல்லை.

சுருதி பழையபடிதான். சத்தமும் பழையபடிதான் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவ்வளவு காசு கொடுத்த பிறகு காது கொஞ்சம் பொய் சொல்லும். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாலு மாதம் ஓட்டினேன்.

ஆடியில் பெரியம்மாவின் மகன் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் றேடியோ, அம்ப் திருத்துகிறவர். "பிள்ளை, கழட்டிப் பாப்பமே?" என்று பதினொரு ஸ்குரூவையும் கழற்றித் தட்டைத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு ஈயப் பொட்டாக விரலால் காட்டினார். எல்லாம் ஒரே நிறம், ஒரே தூசி. பிக்கப் வயர் சுவிச்சில் சேருகிற இடத்தில் புது ஈயம் ஒரு துளி கூட இல்லை. ஈயம் உருக்காமல் அந்த வயரைக் கழற்ற முடியாது. பிக்கப் மாறவே இல்லை. பிளாஸ்டிக் மூடி மட்டும் மாறியிருந்தது.

செராமிக்கையும் அல்னிக்கோவையும் எப்படிப் பிரிப்பது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அல்னிக்கோ என்றால் அலுமினியம், நிக்கல், கோபால்ட், அதோடு இரும்பு சேர்ந்த காந்தம். அந்த வகையில் கம்பிக்குக் கீழே தெரிகிற ஆறு உருளைகளே காந்தம், அடிப்பக்கம் அநேகமாக வெறுமையாக இருக்கும். மலிவான செராமிக் வகையில் அந்த ஆறும் வெறும் இரும்பு, அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு காந்தக் கட்டை ஒட்டியிருக்கும். என்னுடைய மூன்றிலும் கட்டை ஒட்டியிருந்தது. மேலே நின்று ஸ்குரூ ட்ரைவரை வைத்துப் பார்த்தால் இரண்டுமே இழுக்கும், அதனால் கண்டுபிடிக்க முடியாது. மல்டிமீற்றர் காட்டுவது செப்புக் கம்பிச் சுற்றின் தடையை மட்டும்தான். காந்தம் என்ன வகை என்று அது சொல்லாது. அந்த ஆறு கிலோ ஓம் முதல் நாளும் ஆறு கிலோ ஓமாகத்தான் இருந்திருக்கும். செராமிக் கூடாத சாமான் என்றும் இல்லையாம், அண்ணை அதையும் சொன்னார்.

டியூனிங் கீ மட்டும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள். பழைய துளைகள் பின்னால் திறந்தபடி கிடக்க, புதிதாகத் துளை போட்டு, ஒரு இடத்தில் மரமும் வெடித்திருந்தது.

உண்மையான குறை வேறு இடத்தில். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமருகிற சின்ன வெள்ளைத் துண்டில், அதுதான் நட், வெட்டுகள் ஆழம் காணாமல் இருந்தன. கம்பி உயரத்தில் நின்றதால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறியது. அண்ணை மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினார். கூட ராவினால் கம்பி இரையும், பிறகு புது நட்தான் வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்திப் பார்த்தார். பாலத்தில் ஒவ்வொரு கம்பியும் அமருகிற துண்டைத் தனித்தனியாக நகர்த்தி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஒலியும் அதே இடத்தில் அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டுகிற ஹார்மோனிக் ஒலியும் ஒன்றாக வரும்வரை வைத்தார். பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கிப் பாலத்தை உடம்போடு படிய விட்டார். கடற்காற்றில் துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றி 9–42 தடிப்பில் புதுச் செற் ஒன்று போட்டார். கடையில் ஒரு கீயில் எட்டுச் சுற்று ஒன்றின் மேல் ஒன்றாய் ஏற்றியிருந்தார்கள், இரண்டு மூன்று போதும். நட் வெட்டுகளில் பென்சில் தூள்.

மொத்தச் செலவு கம்பி செற் 2,900 ரூபாய். அண்ணை காசு வாங்கவில்லை, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். எஃப் கோர்ட் எஃப் ஆக ஒலித்தது.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். "தங்கச்சி, வெளியில ஆரிட்டயோ குடுத்து மாத்திப்போட்டு எங்களிட்ட வாறியள்" என்றார். மட்டையை நீட்டினேன். "இதில பிக்கப் எண்டு எங்க இருக்கு?" அதில் இல்லைதான். சனம் பார்க்கத் தொடங்கியது, நான் திரும்பிவிட்டேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், பொருள் வாங்கி அல்லது வேலை செய்வித்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு நாலு மாதம் கடந்திருந்தது.

வேலைக்குக் கொடுக்கிறவர்கள் தட்டைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். எந்தச் சாமான், எத்தனை என்று பில்லில் எழுதுவியுங்கள். பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள், குப்பை என்றாலும் உங்கள் குப்பை. முதலில் கம்பியும் நட்டும் பாலமும் சரிபார்க்காமல் பிக்கப்பைப் பற்றிக் கதைக்கிறவரிடம் கிற்றாரைக் கொடுக்காதீர்கள்.

வெடித்த இடத்தில் அண்ணை மரப்பசை விட்டிருக்கிறார். ஆறாவது கீ இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.