ரெயிலிங்கா, கிராதியா, கைப்பிடிச் சுவரா?

திருவான்மியூரில் எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனிக்குப் பட்டறைக்காரர் எழுதித் தந்த விலைப்பட்டியலில் ‘ரெயிலிங்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. சுவரா, கம்பியா, கண்ணாடியா என்று கேட்டேன். “எல்லாமே ரெயிலிங்தான் சார்” என்றார்.

கப்பல்காரர்கள் இதில் கறாரானவர்கள். தளத்தின் விளிம்பை இரும்புத் தகடாக மூடி நிற்பது புல்வார்க்; கம்பிகளாகத் திறந்து நிற்பது கார்டு ரெயில். நம் பேச்சிலும் இந்தப் பாகுபாடு உண்டு. மூடியது கைப்பிடிச் சுவர், திறந்தது கிராதி. (கிராதி போர்ச்சுகீசியச் சொல். கப்பலேறி வந்து நம் வாசலில் தங்கிவிட்டது.)

சுவர் கட்டினால் துருப் பயம் இல்லை, பிள்ளைகள் கால் வைத்து ஏறவும் பிடிப்பு இல்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலைக் கடற்காற்று தலைக்கு மேலே போய்விடும். தண்ணீர் இன்னொரு தொல்லை. புல்வார்க்கின் அடியில் திறப்புகள் வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஏறிய அலை தளத்திலேயே தேங்கிக் கப்பலின் சமநிலையைக் கெடுக்கும். எங்கள் பழைய பால்கனிச் சுவரில் இருந்தது இரண்டங்குலக் குழாய் ஒன்றுதான். ஒரு டிசம்பர் மழையில் ஒரு பிடி வேப்பஞ்சருகு அதை அடைத்தது. காலையில் கூடத்துப் பாய் மிதந்தது.

கிராதியில் காற்றும் வரும், நீரும் ஓடிவிடும். எந்தக் கிராதி என்பதில்தான் சிக்கல். கப்பல் போலக் குறுக்குக் கம்பிகள் போடுவது இப்போது நாகரிகம். கப்பல் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று வரையறுக்கும் 1966ஆம் ஆண்டின் சர்வதேசச் சுமைக்கோட்டு உடன்படிக்கை, திறந்த தளங்களில் தடுப்பு குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்கச் சொல்கிறது. ஆனால் அடிக் கம்பிக்குக் கீழே 230 மி.மீ., மற்றக் கம்பிகளுக்கிடையே 380 மி.மீ. வரை இடைவெளியை அனுமதிக்கிறது. சரக்குக் கப்பலில் நடமாடுகிறவர்கள் வளர்ந்த மாலுமிகள். என் மூன்று வயதுப் பேத்திக்கோ 380 மி.மீ. என்பது வாசல், குறுக்குக் கம்பி என்பது ஏணி. வீட்டுக்கு நெட்டுக் கம்பிதான், அதுவும் நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல்.

கண்ணாடி? உப்புப் படலத்தைத் துடைக்க ஆள் இருந்தால் வையுங்கள்.

எஃகில்தான் ஏமாற்று அதிகம். காந்தம் ஒட்டவில்லை, அசல் எவர்சில்வர் என்பார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கடலோரத்தில் அது பற்றவைத்த இடங்களில் முதலில் பழுப்பேறும். 304 அதைவிட மேல். உப்புக்காற்றைத் தாங்க மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 நல்லது, விலையும் அதற்கேற்பத்தான். அவ்வளவு செலவு வேண்டாமென்றால், ஆண்டுதோறும் சுரண்டிப் பெயின்ட் அடிக்கச் சலிக்காதவர்களுக்குச் சாதாரண இரும்பே போதும். எனக்குச் சலிக்கும்.

பட்டியலைத் திருத்தி எழுதச் சொன்னேன். ‘ரெயிலிங்’ அப்படியே இருந்தது. அதன் கீழே, “நெட்டுக் கம்பி, இடைவெளி 4 அங்குலம், 316” என்று பென்சிலில் சேர்த்திருந்தார்.