பழைய கேனோவின் விளிம்பு மரம்: நிரப்புவதா, ஒட்டுவதா, மாற்றுவதா?

ஃபைபர் உடலும் மர விளிம்பும் கொண்ட பழைய கேனோ படகுகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது அந்த விளிம்பு மரமே. மேல்விளிம்பை உள்ளும் புறமுமாகக் கவ்வி நிற்கும் நீண்ட ரீப்பர்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. மெல்லிய உடல் விரியாமலும் குவியாமலும் காப்பவை அவையே. ஆகவே பழுது நீக்கும் முறையைத் தெரிவு செய்யுமுன், கெட்ட பகுதி சுமை தாங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கெடுதலின் காரணத்தையும் சரியாக அறிய வேண்டும். மரத்தை மக்கச்செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஒவ்வாது என்பதால், சென்னையை அடுத்த முட்டுக்காட்டின் உவர்நீர்க் கழிமுகத்தில் படகு மிதக்கும் நேரத்தைவிட, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டு வாசலில் மல்லாந்து கிடக்கும் நேரமே அதற்குக் கேடு. அணியத்தின் (படகின் முன்முனையின்) மூடுபலகைக்கு அடியிலும் திருகாணித் துளைகளிலும் மழைநீர் தேங்கி, மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நீடித்தால் மரம் இற்றுப்போகத் தொடங்குகிறது.

மூன்று வழிகளில் மலிவானதும் விரைவானதும், நீர்த்த எப்பாக்சியை (இரு கூறுகளைக் கலந்தால் இறுகும் பசையை) ஊறவிட்டு, மரத்தூள் கலந்த எப்பாக்சியால் பள்ளத்தை நிரப்புவது. மூடுபலகையின் ஓரம், பழைய திருகாணித் துளை போன்ற சிறு இடங்களுக்கு இதுவே போதும். ஆனால் மரம் உட்புறம் வரை உலராமல் நிரப்பினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். மேலும் மரம் பருவத்துக்கேற்பப் பருத்துச் சுருங்க, நிரப்பிய பகுதி அவ்வாறு அசையாததால் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு நீருக்கு மறுபடியும் வழி திறக்கும். சென்னைக் கோடையில் கலவை கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால், மெதுவாக இறுகும் வகையை வாங்கி, காலையில் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது. காசிமேட்டு ஃபைபர் படகு வேலையில் புழங்கும் பாலியஸ்டர் ரெசின் கைக்கு எளிதில் கிடைக்கிறதே என்று இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது மரத்தில், அதிலும் எண்ணெய்ப்பசையுள்ள தேக்கில், உறுதியாகப் பிடிப்பதில்லை.

கெட்ட முனையை நல்ல மரம் வரும்வரை வெட்டியெறிந்து, புதுத் துண்டைச் சாய்வு ஒட்டாக, அதாவது இரு முனைகளையும் நீண்ட சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டி, இணைப்பது இரண்டாம் வழி. சாய்வின் நீளம் மரத்தின் தடிமனைப் போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும். ஆறு நூல் (முக்கால் அங்குலம்) தடிமனுள்ள சட்டத்துக்கு ஆறு அங்குலம். தேக்கு மரமானால் ஒட்டுமுகத்தை அசிட்டோனால் துடைத்து, உலர்ந்தவுடன் எப்பாக்சி தடவ வேண்டும். கிளாம்ப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டில் பசை போதாமல் அது வலுவிழக்கும். ஜன்னல், நிலை வேலை தெரிந்த எந்தத் தச்சராலும் இதைச் செய்ய முடியும் என்பது இவ்வழிக்குள்ள பெரிய வசதி.

சட்டம் முழுவதையும் மாற்றுவதுதான் பலரும் முழுமையான தீர்வாகக் கருதுவது. ஆனால் பதினாறு அடிப் படகுக்குக் கணுவில்லாத ஒரே நீளத் தேக்கு கிடைப்பது அரிது; கிடைக்கும் துண்டுகளை ஒட்டித்தான் நீளம் சேர்க்க வேண்டியிருக்கும். அதாவது, சாய்வு ஒட்டைத் தவிர்க்க எண்ணி இவ்வழிக்கு வருபவரும் அதே ஒட்டில்தான் வந்து நிற்பார். வட அமெரிக்காவில் இதற்குப் பயன்படும் ஆஷ் மரத்தைப் போலத் தேக்கு எளிதில் வளைவதும் இல்லை. திருகாணி வரிசை நெடுகிலும் மரம் மென்மையாகியிருந்தால் மட்டுமே இவ்வழி நியாயமானது. அப்போதும் குறுக்குச் சட்டங்கள் அனைத்தையும் ஒருசேரக் கழற்றாமல் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்; இல்லையேல் உடல் தன் வடிவத்தை இழந்துவிடும்.

முனைகள் மட்டும் கெட்ட படகுக்கு நான் இரண்டாம் வழியையே பரிந்துரைப்பேன். எவ்வழியாயினும் வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குவது அவசியம்; இளந்தேக்கின் வெள்ளைப் பகுதி, பெயரளவில் தேக்காக இருந்தாலும், விரைவில் மக்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கு உத்திரங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை, ஆணிகள் மறைந்திருக்கின்றனவா என்று மட்டும் இழைப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புநீரில் பித்தளைத் திருகாணி நாளடைவில் வலுவிழக்கும் என்பதால் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது.